எப்போது கொதிக்கிறது?

கார் என்ஜினை முதலில் ஓர் அடுப்பு என்றும் பிறகே இயந்திரம் என்றும் எண்ணிக்கொள்வது நல்லது. நாம் ஊற்றும் பெட்ரோலில் அடங்கிய ஆற்றலில், சாதாரண ஓட்டத்தில், கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரைதான் வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மீதியெல்லாம் வெப்பம். அதில் ஒரு பகுதி புகைக்குழாய் வழியே வெளியேறிவிடும். இன்னொரு பகுதி என்ஜினின் உலோகச் சுவர்களுக்குள் இறங்கும். எரியும் கணத்தில் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. என்ஜினின் தலைப்பகுதியோ இன்று பெரும்பாலும் அலுமினியக் கலவை. அலுமினியம் 660 டிகிரியில் உருகிவிடும். உருகக்கூடிய பாத்திரத்துக்குள் அதை உருக்கக்கூடிய நெருப்பை மூட்டிக்கொண்டு, பாட்டும் கேட்டபடி, நாம் மணிக்கணக்கில் பயணம் செய்கிறோம். இது நடப்பது சில லிட்டர் தண்ணீரின் தயவால்தான்.

கார்ல் பென்ஸ் 1885இல் உருவாக்கிய மூன்று சக்கர வண்டியில் ரேடியேட்டர் கிடையாது. சிலிண்டரைச் சுற்றியிருந்த தண்ணீர் சூடாகி ஆவியாகப் போய்க்கொண்டே இருக்கும். போனதை ஊற்றி நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும். 1888 ஆகஸ்டில் அவருடைய மனைவி பெர்த்தா பென்ஸ், கணவரிடம் சொல்லாமல், இரண்டு மகன்களையும் ஏற்றிக்கொண்டு மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு அத்தகைய வண்டியில் கிளம்பினார். நூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான தூரம். எரிபொருளை வழியில் ஒரு மருந்துக்கடையில் வாங்கினார் என்பது பலரும் அறிந்த செய்தி. ஆனால் அந்தப் பயணத்தில் எரிபொருளைவிட அதிக முறை அவர்களை நிறுத்தியது தண்ணீர்த் தேவைதான். மோட்டார் வாகனத்தின் முதல் நெடும்பயணமே தண்ணீர் தேடி அலைந்த பயணம் என்று சொல்லிவிடலாம்.

1900ஆம் ஆண்டின் இறுதியில் வில்ஹெல்ம் மேபாக் இதற்கு ஒரு முடிவு கட்டினார். முதல் மெர்சிடிஸ் காருக்காக அவர் வடிவமைத்த ரேடியேட்டரில், ஆறு மில்லிமீட்டர் சதுர வாய் கொண்ட 8,070 சிறு குழாய்கள் தேன்கூட்டைப்போல் அடுக்கப்பட்டிருந்தன. குழாய்களுக்குள் காற்று புகுந்து போகும். குழாய்களைச் சுற்றித் தண்ணீர் இருக்கும். அதன்பின் தண்ணீர் செலவாகும் பொருளாக இல்லாமல், சுற்றிச் சுற்றி வரும் பொருளாயிற்று.

இந்த மாற்றத்தில் ஓர் உண்மை மறைந்திருக்கிறது. நீரால் குளிரும் என்ஜின் என்று நாம் சொல்வது பாதிதான் சரி. தண்ணீர் ஒரு சுமைதூக்கி. உலோகத்திடம் வெப்பத்தை வாங்கி, ரேடியேட்டரின் மெல்லிய தகடுகள்வரை சுமந்து வந்து இறக்குகிறது. கடைசியில் அதை வாங்கிக்கொண்டு போவது காற்று. உலோகம், நீர், தகடு, காற்று என்ற இந்தச் சங்கிலியில் எந்தக் கண்ணி அறுந்தாலும் கண்ணுக்குத் தெரியும் விளைவு ஒன்றே: முள் மேலே ஏறும், ஆவி கிளம்பும். ஆகவே என்ஜின் சூடாகிறது என்பது நோயின் பெயர் அல்ல. காய்ச்சல் என்பதுபோல் ஓர் அறிகுறி மட்டுமே. காய்ச்சல் என்று கேட்டதும் மாத்திரையை எடுத்து நீட்டும் வைத்தியர்கள் இந்தத் தொழிலிலும் உண்டு.

*

இதையெல்லாம் நான் புத்தகத்தில் தொடங்கவில்லை. மேட்டுப்பாளையத்தில் வாடகைக் கார் ஓட்டிய என் சித்தப்பாவால் தெரிந்துகொண்டேன். அந்த ஊரில் என்ஜின் என்ற சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, உதகைக்குப் போகும் மலை ரயிலின் நீராவி என்ஜின். மற்றது, அதே மலையில் சாலை வழியே ஏறும் வண்டிகளின் என்ஜின். மேட்டுப்பாளையம் ரயில் நிலையம் கடல் மட்டத்திலிருந்து 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. உதகை நிலையம் 2,203 மீட்டரில். ஒரே மலைமேல் கொதித்தால் ஓடும் என்ஜினும் கொதித்தால் நின்றுவிடும் என்ஜினும் பக்கத்தில் பக்கத்தில் ஏறிக்கொண்டிருக்கின்றன. இரண்டுமே வழியில் நின்று தண்ணீர் குடிக்கும். சிறுவயதில் பர்லியாரில் பேருந்து நின்றதும், ஓட்டுநர் ஈரச்சாக்கை மூடியின்மேல் போட்டு, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு திருகுவதையும், நடத்துநர் தகரக் குடத்தோடு காத்து நிற்பதையும் பார்த்திருக்கிறேன்.

உயரம் இந்தக் கதையில் ஒரு பாத்திரம். மேலே போகப் போகக் காற்றழுத்தம் குறைவதால் தண்ணீர் குறைந்த வெப்பநிலையிலேயே கொதித்துவிடும். உதகையில் திறந்த பாத்திரத்துத் தண்ணீர் 93 டிகிரிக்கு அருகில் கொதிக்கும். அங்கே பருப்பு வேக நேரமாவது இதனால்தான். காரில் இதைச் சமாளிப்பது ரேடியேட்டர் மூடி. பார்ப்பதற்கு ஊறுகாய் பாட்டில் மூடிபோல் இருந்தாலும் அது ஒரு வால்வு. உள்ளே ஏறத்தாழ ஒரு வளிமண்டல அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தைத் தேக்கி வைத்து, சமவெளியில் 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 வரை கொதிக்காமல் பிடித்துவைக்கிறது. பிரஷர் குக்கரின் கணக்குதான். சூடான நேரத்தில் அந்த மூடியைத் திறந்தால், அதுவரை தண்ணீராக இருந்தது அந்தக் கணமே ஆவியாகிப் பாயும். சித்தப்பாவின் வலது முன்கையில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு வழவழப்பான தழும்பு இருந்தது. மூடியைப் பற்றி யார் பேசினாலும் அவர் அந்தக் கையைத் தடவிக்கொள்வார். குறைந்தது அரை மணி நேரமாவது காத்திருக்க வேண்டும் என்பார். காத்திருந்தபிறகும் பச்சைத் தண்ணீரைக் குபீரென்று ஊற்றக்கூடாது. கொதிக்கும் உலோகத்தில் குளிர்ந்த நீர் பட்டால் விரிசல் விழும். என்ஜினை ஓடவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக ஊற்ற வேண்டும்.

2007ஆம் ஆண்டு ஏப்ரலில் அவருடைய கார் சூடாகத் தொடங்கியது. மே மாதம் உதகையில் சீசன். அந்த ஒன்றரை மாத வருமானத்தில்தான் அவர்கள் வீட்டின் மழைக்காலம் ஓடும். கார்க்கடன் தவணையும் பாக்கியிருந்தது. முதல் பட்டறையில் ரேடியேட்டரை வண்டியிலிருந்து கழற்றாமலே ரசாயனம் விட்டு உட்புறத்தை அலசினார்கள். இரண்டு நாள் கழித்து மறுபடியும் கல்லாறு தாண்டி முள் ஏறியது. இரண்டாவது பட்டறையில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி அவர் கையிலேயே கொடுத்துவிட்டு, நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு என்றார்கள். மூன்றாவது இடத்தில் வாட்டர் பம்பை மாற்றினார்கள். அந்தப் பம்புக்காகச் சித்தியின் இரண்டு வளையல்கள் அடகுக்கடைக்குப் போயின. வண்டி அதே வளைவில் அதேபோல் கொதித்தது. வந்த விலைக்குத் தள்ளிவிட்டு யாரிடமாவது சம்பள ஓட்டுநராகப் போய்விடலாம் என்று அவர் பேச ஆரம்பித்த வாரத்தில்தான், லாரிக்காரர் ஒருவர் சொல்லி, காரமடைப் பக்கம் ஒரு வயதான மெக்கானிக்கிடம் போனோம். நானும் கூடப் போயிருந்தேன்.

அவர் பானட்டைத் திறக்கவில்லை. வேப்பமரத்தடியில் உட்காரச் சொல்லிவிட்டுக் கேட்டார்.

"எப்பங்க சூடாகுது?"

"மலை ஏறறப்பங்க. ஏசி போட்டா சீக்கிரமே ஏறிக்குது."

"டவுனுக்குள்ள நின்னு நின்னு போறப்ப?"

"ஏசி இல்லைன்னா முள்ளு நடுவுலயே நிக்குதுங்க."

"தண்ணி குறையுதுங்களா?"

"கொதிச்சாத்தான். இல்லைன்னா ஒரு சொட்டு குறையறதில்லைங்க."

"ராத்திரி வண்டியை எங்க நிறுத்தறீங்க?"

இந்தக் கடைசிக் கேள்வி சித்தப்பாவுக்குப் புரியவில்லை. ஒரு நூற்பாலையின் அதிகாரிகளைத் தினமும் கூட்டிப்போய்க் கொண்டுவிடும் ஒப்பந்தம் அவருக்கு இருந்தது. பாதி நாள் வண்டி நிற்பது ஆலை வளாகத்தில், கழிவுப்பஞ்சு கொட்டும் இடத்துக்குப் பக்கத்தில். அதைச் சொன்னதும் அவர் எழுந்துபோய்த் தினசரிக் காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்துக்கொண்டு வந்தார். என்ஜினை ஓடவிட்டு, ஏசியைப் போடச் சொன்னார். உள்ளே ஃபேன் சுற்றும் சத்தம் கேட்டது. தாளை முன்பக்கக் கிரில்லின்மேல் வைத்துக் கையை எடுத்தார். ஃபேன் இழுக்கும் காற்றில் அது ஒட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தாள் வழுக்கித் தரையில் விழுந்தது.

பிறகு நடந்தது ஒரு மணி நேர வேலை. ஏசி உள்ள கார்களில் ரேடியேட்டருக்கு முன்னால் ஏசியின் கண்டன்சர் நிற்கும். இரண்டுக்கும் நடுவே விரல் நுழையும் அளவு இடைவெளி. வெளியிலிருந்து பார்த்தால் கண்டன்சரின் முகம் மட்டுமே தெரியும். கண்டன்சரைத் தளர்த்தி முன்னால் சாய்த்தபோது, ரேடியேட்டரின் முகம் முழுவதும் பழைய தலையணையை உரித்ததுபோல் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் அப்பியிருந்தது. பஞ்சுத் துகள், தூசி, பூச்சிகளின் சிறகுகள். அவர் அதன் ஒரு முனையைப் பிடித்து இழுத்தார். மெத்தைபோல் ஒரே துண்டாக உரிந்து வந்தது. மிச்சத்தை என்ஜின் பக்கமிருந்து வெளிப்புறமாகத் தண்ணீர் விட்டு அலசினார். தகடுகள் மெல்லியவை, வேகமாகப் பீய்ச்சினால் மடங்கிவிடும் என்று என்னிடம் சொல்லிக்கொண்டே செய்தார்.

மூன்று பட்டறைகளும் தண்ணீரைப் பார்த்தன. தண்ணீர் போகும் வழி, தண்ணீரைத் திறந்துவிடும் கதவு, தண்ணீரைத் தள்ளும் பம்ப். கடைசிக் கண்ணியான காற்றை யாரும் பார்க்கவில்லை. "நிக்கறப்ப என்ஜின் குடுக்கற சூடு கம்மிங்க, உள்ள வர்ற கொஞ்சக் காத்து அதுக்குப் போதும். மலையில முக்கி ஏறறப்பத்தான் பத்தாமப் போகுது" என்று அவர் சித்தப்பாவுக்கு விளக்கினார். பானட்டைத் திறப்பதற்கு முன்பே, எப்போது என்ற கேள்வியிலேயே அவர் முக்கால்வாசித் தூரம் வந்துவிட்டிருந்தார்.

தெர்மோஸ்டாட்டைக் கேட்டு வாங்கி மறுபடியும் பொருத்தினார். அது இல்லாமல் ஓடிய நாட்களில் உதகைக் குளிரில் காலை வேளைகளில் என்ஜின் சூடே ஏறாமல் திணறியதையும் எரிபொருள் அதிகம் குடித்ததையும் சித்தப்பா அப்போதுதான் சேர்த்துப் பார்த்தார்.

*

இந்தத் தெர்மோஸ்டாட்டைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். செர்ஜியஸ் வெர்னே என்பவர் 1930களில் கண்டுபிடித்த வடிவம்தான் இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. ஒரு சிறு செப்புக் கூட்டுக்குள் மெழுகு. என்ஜின் குளிர்ந்திருக்கும்போது வால்வு மூடியிருக்கும், தண்ணீர் ரேடியேட்டர் பக்கம் போகாமல் என்ஜினுக்குள்ளேயே சுற்றும். 80, 90 டிகிரியை நெருங்கும்போது மெழுகு உருகி விரிந்து வால்வைத் தள்ளித் திறக்கும். மின்சாரமும் இல்லை, கணினியும் இல்லை. வெப்பமே தனக்கான கதவைத் திறந்துகொள்கிறது.

இதைக் கழற்றிப்போடும் வழக்கம் நம் பட்டறைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. அதன் பின்னால் உள்ள எண்ணம், குளிர்ச்சி எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லது என்பது. உண்மையில் என்ஜினுக்கு வேண்டியது குளிர்ச்சி அல்ல, அளவான சூடு. சூடு ஏறாத என்ஜினில் எரிபொருள் முழுமையாக எரியாது. ஆயிலில் ஈரம் தங்கும். பாகங்கள் சீக்கிரம் தேயும். போதாததற்கு, சில என்ஜின்களில் அந்த வால்வு இல்லாவிட்டால் தண்ணீரின் ஒரு பகுதி ரேடியேட்டருக்கே போகாமல் குறுக்குவழியில் திரும்பிவிடும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே சூட்டைக் கூட்டும்.

எப்போது என்ற கேள்வியை வைத்துக்கொண்டு மற்றக் கண்ணிகளையும் படிக்கலாம். கிளப்பிய சில நிமிடங்களிலேயே முள் ஏறி, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் கொதித்துக் கீழ் ஹோஸ் குளிர்ந்திருந்தால், தெர்மோஸ்டாட் மூடியபடியே சிக்கிக்கொண்டிருக்கலாம். நெரிசலில் நிற்கும்போது மட்டும் ஏறி, சாலையில் வேகம் பிடித்ததும் இறங்கினால், வண்டியின் ஓட்டம் தரும் காற்று இருக்கிறது, ஃபேன் தரும் காற்று இல்லை என்று பொருள். ஃப்யூஸ், ரிலே, மோட்டார், சென்சார் என்ற வரிசையில், மலிவானதிலிருந்து தொடங்கிப் பார்க்க வேண்டும். நிற்கும்போது சரியாக இருந்து, வேகத்திலும் ஏற்றத்திலும் மட்டும் ஏறினால், ரேடியேட்டர் உள்ளேயோ வெளியேயோ அடைத்திருக்கும், அல்லது பம்ப் போதிய அளவு தள்ளாது. கொங்கு நாட்டு ஆழ்துளைக் கிணற்று உப்புநீரை வருடக்கணக்கில் ஊற்றிய ரேடியேட்டரின் உட்குழாய்கள், வீட்டு வெந்நீர்க் கொப்பரையின் உட்புறம்போல் வெள்ளையாகப் படிந்திருக்கும். கூலண்ட் என்பது பனி உறையும் நாட்டுக்காரர்களுக்கு மட்டுமானதல்ல. துருவையும் படிவையும் தடுக்கும் மருந்து அதற்குள் இருக்கிறது. ஆனால் அது நச்சு. இனிப்பாக இருப்பதால் நாயும் குழந்தையும் வாய் வைத்துவிடக்கூடும். வழிந்ததைக் கழுவிவிட வேண்டும்.

வெளியே ஒரு சொட்டுக் கசிவும் தெரியாமல் தண்ணீர் மட்டும் குறைந்துகொண்டே வந்தால்தான் கவலைப்பட வேண்டும். தண்ணீர் உள்ளே போகிறது. ஆயில் மூடியின் அடியில் மோரைப்போல் ஒரு படலம், சூடான பிறகும் நிற்காத வெள்ளைப் புகை, ரேடியேட்டருக்குள் ஓயாமல் எழும் குமிழிகள் ஆகியவை ஹெட் கேஸ்கட் போய்விட்டதைச் சொல்பவை. பல நேரங்களில் இது முதல் நோயன்று. முன்பு எப்போதோ ஒருமுறை கொதித்தும் நிறுத்தாமல் ஓட்டியதன் பலன்.

முள்ளை எவ்வளவு நம்புவது என்பது தனிக் கேள்வி. சித்தப்பாவின் ஸ்டாண்டில் இருந்த இளைஞர் ஒருவர் குன்னூர் ஏற்றத்தில் முள் சிவப்புக்குப் போவதைப் பார்த்துப் பதறியிருக்கிறார். சற்று நேரத்தில் அது தானாகவே கீழே இறங்கியது. தப்பித்தோம் என்று நிறுத்தாமல் ஓட்டினார். இரண்டு கிலோமீட்டரில் என்ஜின் இறுகி நின்றுவிட்டது. வெப்பத்தை அளக்கும் சென்சார் தண்ணீரில் நனைந்தபடி இருப்பது. ஹோஸ் வெடித்துத் தண்ணீர் மொத்தமும் போய்விட்டால், அது வெறும் காற்றைத் தொட்டுக்கொண்டு, குளிர்ந்துவிட்டதாகச் செய்தி அனுப்பும். முள் பொய் சொல்லவில்லை. தன்னைத் தொட்டதைப் பற்றி மட்டுமே அது பேசுகிறது. காரணம் தெரியாமல் இறங்கும் முள்ளைவிட ஏறும் முள்ளே நல்லது.

ஏறுவதைப் பார்த்தால் உடனே செய்யக்கூடியவை சில உண்டு. ஏசியை நிறுத்த வேண்டும். ஹீட்டர் உள்ள காராக இருந்தால், சித்திரை வெயிலாக இருந்தாலும், ஜன்னல்களை இறக்கிவிட்டு ஹீட்டரை முழுவதும் திறக்க வேண்டும். அதற்குள்ளும் ஓடுவது அதே தண்ணீர்தான், அது இன்னொரு சிறு ரேடியேட்டர். அதனால் உள்ளே இருப்பவர்களுக்கு வேர்த்துக் கொட்டும், என்ஜின் கொஞ்சம் மூச்சு விடும். அப்படியும் முள் இறங்காவிட்டால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நிறுத்திவிட வேண்டும். இன்னும் ஒரு வளைவுதானே என்று நினைக்கும் அந்த வளைவில்தான் அலுமினியத் தலை வளைந்துபோகிறது.

சித்தப்பாவுக்கு அந்த சீசனில் மூன்று வாரங்கள் மிஞ்சின. வளையல்கள் தீபாவளிக்கு முன் வீடு திரும்பின. பம்புக்குக் கொடுத்த பணம் போனதுதான். அந்த மெக்கானிக் அன்று வாங்கிய கூலி, பம்பை மாற்றிய கூலியில் பாதிகூட இல்லை. பொருள் எதுவும் மாற்றாததால் பில் போட அவரிடம் ஒன்றும் இருக்கவில்லை. கேள்வி கேட்பதற்கு நம் ஊரில் யாரும் காசு கொடுப்பதில்லை. அதனால்தான் பாகங்களை மாற்றுபவர்கள் பெருகி, கேட்பவர்கள் குறைந்துபோனார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. குற்றம் பட்டறைகளுடையது மட்டுமல்ல. வண்டியை விட்டுவிட்டு, "சூடாகுது, பாத்து வைங்க" என்ற இரண்டே சொற்களோடு போய்விடும் நாமும் அதில் உண்டு.

இப்போது மின்சாரக் கார்கள் வந்துவிட்டன. அவற்றில் எரிப்பு இல்லை, சிலிண்டர் இல்லை. ஆனாலும் பெரும்பாலானவற்றின் முன்பக்கத்தில் ரேடியேட்டர் இருக்கிறது. மின்கலத்துக்கும் அதிகச் சூடு ஆகாது, அதிகக் குளிரும் ஆகாது. அதைச் சுற்றியும் ஒரு திரவம் ஓடி, வெப்பத்தைச் சுமந்து வந்து காற்றிடம் ஒப்படைக்கிறது. பழுது பார்ப்பவர் கையில் இன்று கணினி இருக்கிறது. அது பிழையின் எண்ணைச் சொல்லிவிடும். வண்டி இரவில் எங்கே நிற்கிறது என்பதை அது அறியாது. அதை ஓட்டுபவரிடம்தான் கேட்டாக வேண்டும்.